மேல்மாடியை விட்டுவிடலாம்: நடைபழகும் பிள்ளையோடு எங்கே போவது, எப்போது போவது?

குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு என் மகளை முதன்முதலாக அழைத்துப் போனபோது அவளுக்கு ஒன்றரை வயது. வாசலில் கொடுத்த வரைபடத்தில் ஏழு இடங்களைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தேன். கீழ்த்தளத்தில் தண்ணீர் மேசை, கட்டைகள் நிறைந்த கூடம், நிழல் விளையாட்டு அறை. மேல்மாடியில் பந்துகளை உறிஞ்சி மேலே அனுப்பும் காற்றுக் குழாய்கள், டைனோசர் எலும்புக்கூடு, இன்னும் இரண்டு. அவள் தேர்ந்தெடுத்தது வரைபடத்திலேயே இல்லாத ஓர் இடம்: நுழைவாயிலுக்கும் முதல் கூடத்துக்கும் நடுவே சக்கர நாற்காலிகளுக்காகப் போட்டிருந்த சரிவுப் பாதை. ஏறினாள், இறங்கினாள். கைப்பிடிக் கம்பியைத் தட்டிப் பார்த்தாள். தன் செருப்புச் சத்தத்தை நின்று கேட்டாள். மறுபடியும் ஏறினாள். நாற்பது நிமிடம் அங்கேயே கழிந்தது. அதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது.

எனக்கு வந்தது எரிச்சல்தான். சரிவுப் பாதையில் ஏறி இறங்கவா டிக்கெட் எடுத்தோம்? வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவே போதாதா? இந்தக் கேள்வியை அதன் பிறகு ஓராண்டு முழுக்க விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பூங்காவுக்கும் போனோம், மெத்தை பதித்த உள்ளரங்க விளையாட்டு மையத்துக்கும் போனோம், அறிவியல் மையத்துக்கும் போனோம், அதே அருங்காட்சியகத்துக்கு வேறு வேறு நாள்களில் வேறு வேறு நேரங்களில் போனோம். கீழே இருப்பது அந்த அலைச்சலில் தெளிந்தது. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் பிள்ளை உள்ளவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். நான்கு வயதானால் கணக்கே வேறு.

எதை வைத்து ஒப்பிடுவது?

பெரியவர்கள் இடங்களை ஒப்பிடும்போது உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று எண்ணுவோம். நடைபழகும் பிள்ளைக்கு அந்த எண்ணிக்கை பொருட்டே இல்லை. ஒரு பிடி மணலும் ஒரு குவளையும் இருந்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். ஆகவே வேறு அளவுகோல் வேண்டும். நான் மூன்றை வைத்துக்கொண்டேன். ஒன்று, அங்கே நான் எத்தனை முறை 'தொடாதே', 'ஓடாதே', 'வாயில் வைக்காதே' என்று சொல்ல வேண்டியிருக்கும்? இரண்டு, ஒரே செயலை அவள் இருபது முறை செய்தால் யாராவது முகம் சுளிப்பார்களா? மூன்று, திடீரென்று கிளம்ப வேண்டி வந்தால் மனம் நோகாமல் கிளம்ப முடியுமா?

மூன்றாவதுதான் மிக முக்கியம் என்பது என் கட்சி. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. மிச்சமிருப்பது பத்துப் பதின்மூன்று மணி நேரம். அதில் உணவு, குளியல், டயப்பர், அழுகை எல்லாம் போக, பிள்ளை தெளிவாகவும் உற்சாகமாகவும் இருக்கும் நேரம் காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு. அந்தத் துண்டுக்குள் போய்வரும் பயணமும் அடங்க வேண்டும். அதனால் ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கும் அருமையான இடத்தைவிடப் பதினைந்து நிமிடத்தில் போகக்கூடிய சுமாரான இடம் மேல். இதை நான் ஒப்புக்கொள்ளவே ஆறு மாதம் ஆனது.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் மிச்சமாகும். 'அங்கே போனால் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாடுவாள்' என்று நினைத்துத்தான் பலர் அழைத்துப் போகிறார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்து 1932இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார். தனித்து விளையாடுவது, ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பது, இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஆனால் தன்பாட்டுக்கு விளையாடுவது என்பவை அதில் முதலில் வருகின்றன. சேர்ந்து திட்டமிட்டு விளையாடுவது கடைசிப் படி. ஆகவே உங்கள் பிள்ளை அங்கே இன்னொரு குழந்தைக்கு முதுகைக் காட்டியபடி அதே வகைக் கட்டையைத் தனியாக அடுக்கினால் கூச்ச சுபாவம் என்று கவலைப்பட வேண்டாம். வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்றாலும் அது வீணான நேரமில்லை.

ஐந்து இடங்கள்

பூங்காவை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று அளவுகோல்களிலும் அது தேறிவிடுகிறது. செலவில்லை, ஓடலாம், எந்த நேரத்திலும் கிளம்பலாம். வானிலை ஒத்துழைக்காத நாளிலும், திறந்த வாசலைக் கண்டால் சாலையை நோக்கி ஓடும் பிள்ளையோடு தனியாகப் போகும் நாளிலும்தான் சிக்கல். பூங்கா நன்றாக இருக்கும் நாளில் அருங்காட்சியகத்துக்குப் போகத் தேவையே இல்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

உள்ளரங்க விளையாட்டு மையங்கள் அருங்காட்சியகத்தின் நேரடிப் போட்டியாளர்கள். மெத்தைச் சுவர்கள், பந்துக் குழி, வலை போட்ட ஏணிகள், சறுக்குகள். உடலின் ஆற்றல் கரைய இதைவிடச் சிறந்த இடமில்லை. ஏறிக் குதித்துப் பழகிய இரண்டரை வயதுப் பிள்ளை அங்கே ராஜாதான். ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அது போர்க்களம். தலைக்கு மேலே ஏழு வயதுச் சிறுவர்கள் பறப்பார்கள். சின்னவர்களுக்கென்று தனி மூலை ஒதுக்கியிருந்தாலும் அந்த மூலையின் வேலி இடுப்பளவுதான், பெரிய பிள்ளைகள் அதைத் தாண்டி வருவதற்கு ஒரு நொடி போதும். இரைச்சல் வேறு. பந்துக் குழியில் கண்ணெதிரே பிள்ளை மறைந்துபோகும் அந்தச் சில நொடிகளை நான் விரும்புவதேயில்லை. இன்னொரு குறையும் உண்டு: அங்கே செய்வதற்கு இருப்பது ஏறுவதும் குதிப்பதும்தான். ஊற்ற, நிரப்ப, கவிழ்க்க, மூட, திறக்க எதுவும் இல்லை. இந்த வயதில் பிள்ளைகள் நாள் முழுக்கச் செய்யத் துடிப்பது இவற்றைத்தானே?

அறிவியல் மையத்தைப் பற்றி எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. அணுகுண்டு விஞ்ஞானி ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பியும் இயற்பியலாளருமான ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் தொடங்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துக் காட்டாமல், பார்க்க வருபவரே இயக்கிப் பார்க்கட்டும் என்ற அந்த வழி பிறகு உலகெங்கும் பரவியது. ஆனால் 'இயக்கிப் பார்' என்பது காரணத்தையும் விளைவையும் இணைத்துப் பார்க்கும் வயதுக்குத்தான் சுவை தரும். பொத்தானை இங்கே அழுத்தினால் மூன்று மீட்டர் தள்ளி ஒரு விளக்கு எரியும் என்றால், என் மகள் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பாள். விளக்கை நான் பார்ப்பேன். மேசைகளின் உயரமும் அவளுக்கு எட்டாது. அங்கே இருந்த ஒரு மணி நேரமும் அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே நின்றேன். முதுகு வலி இரண்டு நாள் இருந்தது. ஆறேழு வயதுக்கு அந்த இடத்துக்கு ஈடில்லை. இரண்டு வயதுக்கு அவசரமில்லை.

வழக்கமான பெரிய அருங்காட்சியகங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். விலங்கு மாதிரிகளும் பெரிய சிலைகளும் இருக்கும் கூடத்தில், பிள்ளையைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து இருபது நிமிடம் சுற்றினால் இருவருக்கும் நிறைவாக இருக்கும். இறங்க வேண்டும் என்று அது கேட்கும் வரைதான் அந்த நிறைவு.

இனி, குழந்தைகள் அருங்காட்சியகம். இவற்றில் முதலாவது 1899இல் நியூயார்க்கின் புரூக்ளினில் திறக்கப்பட்டது. 1913இல் பாஸ்டனில் ஒன்று வந்தது. ஆனால் இன்று நாம் இந்தப் பெயரைக் கேட்டதும் நினைக்கும் வடிவம், அதாவது எதையும் தொடலாம், உள்ளே நுழையலாம், கவிழ்க்கலாம் என்ற வடிவம், பெருமளவு 1960களில் பாஸ்டனில் உருவானது. 1962இல் அங்கே இயக்குநராகப் பொறுப்பேற்ற மைக்கேல் ஸ்பாக், குழந்தை வளர்ப்பு மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கின் மகன். எழுத்துகளை வாசிப்பதில் சிரமம் உள்ளவராக வளர்ந்தவர். பொருளுக்கு அருகே விளக்கப் பலகை வைத்துப் படிக்கச் சொல்வதைவிடப் பொருளையே கையில் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அவர் காலத்தில் அங்கே வேரூன்றியதில் எனக்கு வியப்பில்லை. 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கென்றே தொடங்கிய அருங்காட்சியகத்தின் பெயரே 'தயவுசெய்து தொடுங்கள்' என்பதுதான்.

ஆனாலும் அன்றைய 'குழந்தை' பள்ளிக்குப் போகும் குழந்தைதான். அக்கா அண்ணன்களோடு இழுத்து வரப்பட்ட தவழும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு, 1978இல் பாஸ்டன் அருங்காட்சியகம் மழலையருக்கான தனி விளையாட்டிடம் ஒன்றை அமைத்து விடை சொன்னது. இன்று பெரும்பாலான இடங்களில் இப்படி ஒரு தனிப் பகுதி உண்டு. உலகிலேயே மிகப் பெரிய குழந்தைகள் அருங்காட்சியகம் இண்டியானாபொலிஸில் இருக்கிறது, ஐந்து தளங்கள். அங்கேயும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு என்று தனியாக ஒரு கூடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

என் ஒப்பீட்டைத் தீர்மானித்தது இந்தத் தனிப் பகுதிதான். டிக்கெட் எடுப்பதற்கு முன் அருங்காட்சியகத்தின் அளவையும் புகழையும் விசாரிக்காதீர்கள், மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பகுதியை விசாரியுங்கள். அதற்கு ஒரே வாசல்தானா, அந்த வாசலில் பிள்ளையால் திறக்க முடியாத கதவு இருக்கிறதா? உள்ளே பெரியவர்கள் உட்கார இடம் இருக்கிறதா? (இல்லையென்றால் உங்கள் பொறுமை இருபது நிமிடத்தில் முடியும்.) கழிவறையும் டயப்பர் மாற்றும் மேசையும் பக்கத்திலேயே இருக்கின்றனவா, மாடி ஏற வேண்டுமா? பால் கொடுக்க மறைவான இடம் உண்டா? தண்ணீர் மேசை பிள்ளையின் மார்பளவா, தோளளவா? இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடை கிடைத்தால், கட்டடத்தின் மற்றத் தளங்கள் இடிந்து விழுந்திருந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை.

அப்படி ஒரு பகுதி அமைந்துவிட்டால் குழந்தைகள் அருங்காட்சியகம் மற்ற எல்லாவற்றையும் முந்திவிடுகிறது. என் மகள் தண்ணீர் மேசையில் ஒரு சிவப்புக் குவளையால் மொண்டு ஒரு சல்லடையில் ஊற்றினாள். தண்ணீர் ஒழுகிப் போனது. அடியில் கையை வைத்துத் தடுத்தாள். அப்போதும் ஒழுகியது. சல்லடையைத் தூக்கித் தலைகீழாகப் பார்த்தாள். மறுபடி ஊற்றினாள். இப்படி எத்தனை முறை என்று எண்ணாமல் விட்டுவிட்டேன். வீட்டிலும் இதைச் செய்யலாமே என்றால், செய்யலாம்தான். ஆனால் வீட்டில் மூன்றாவது முறையிலேயே நான் துடைப்பத்தோடு நிற்பேன். அங்கே தரை நனைந்தால் அது அவர்கள் தரை, துடைக்க ஆள் இருக்கிறார். டிக்கெட் காசு எதற்குப் போகிறது என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை அந்த ஈரத் தரைக்குத்தான்.

எந்த நாள், எந்த நேரம்?

விடுமுறை நாளின் பகல் பதினொன்றரை மணியைவிட மோசமான நேரம் இல்லை. இதில் ஆய்வு தேவையில்லை, ஒருமுறை போய்விட்டு வந்தால் போதும். கேள்வி வார நாள்களைப் பற்றியது. திறந்தவுடன் போவதா, மதியத்துக்கு மேல் போவதா?

திறந்தவுடன் போவதில் இரண்டு லாபம்: பிள்ளை தூங்கி எழுந்த தெளிவில் இருக்கும், பொருள்கள் துடைத்து அடுக்கிய நிலையில் இருக்கும். நட்டம் ஒன்றுதான், ஆனால் பெரியது. பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்து வருவதும் வார நாள் காலையில்தான். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கட்டைக் கூடத்துக்குள் நுழைந்தால் கூரை அதிரும். என் மகள் அன்று என் காலைக் கட்டிக்கொண்டவள் வெளியே வரும்வரை விடவில்லை. பள்ளிக் குழுக்கள் வரும் நாள்கள் அருங்காட்சியகத்துக்கு முன்பே தெரியும். தொலைபேசியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இவ்வளவு எளிய வழி எனக்கு நான்காவது முறைதான் தோன்றியது.

மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்திருக்கும். அமைதி. ஆனால் அது தூக்க நேரம். பகல் தூக்கத்தை ஒருநாள் தள்ளிப்போட்டால் என்ன ஆகிவிடும் என்று துணிந்தோம். என்ன ஆனது என்பதை வாகன நிறுத்தத்தில் இருந்த அனைவரும் கேட்டார்கள். பகல் தூக்கத்தை முன்னதாகவே முடித்துக்கொள்ளும் பிள்ளை என்றால் மூன்று மணிக்கு மேல் போவது நல்ல தேர்வு. மூடும் நேரம் வருவதால் கிளம்புவதற்கும் ஒரு சாக்கு கிடைக்கும்: 'விளக்கை அணைக்கப் போகிறார்கள், பார்' என்றால் அந்த வயதுக்கு அது நியாயமான காரணம்.

சில அருங்காட்சியகங்கள் மாதத்தில் சில மணி நேரத்தை அமைதி நேரம் என்று ஒதுக்குகின்றன. விளக்கையும் ஒலியையும் குறைத்து, ஆள் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்துவார்கள். இரைச்சலும் வெளிச்சமும் தாங்க முடியாத பிள்ளைகளுக்காக, குறிப்பாக ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. இரைச்சலுக்கு மிரளும் சின்னஞ்சிறு பிள்ளைக்கும் அது பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். இடம் மீதமிருந்தால்தான், யாருக்காக ஏற்பட்டதோ அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல்.

எவ்வளவு நேரம் இருப்பது என்பதில் நான் பிடிவாதக்காரி. எழுபது எண்பது நிமிடம், அவ்வளவுதான். பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே கிளம்புவது கொடுமையாகத் தோன்றும். ஆனால் களைப்பு வந்த பிறகு கிளம்புவது இருவருக்கும் கொடுமை. பிள்ளை கையிலிருந்த பொருளைத் தூக்கி எறியத் தொடங்குவதும், ஓர் இடத்தில் நிற்காமல் மூன்றுக்கும் நான்குக்கும் தாவுவதும் எங்கள் வீட்டில் களைப்பின் அறிகுறிகள். உற்சாகம் என்று ஏமாந்திருக்கிறேன்.

யாரோடு போவது?

என் அக்கா மகனுக்கு ஆறு வயது. 'அண்ணனோடு போகலாம், அவளுக்கும் குஷியாக இருக்கும்' என்று ஒருமுறை இருவரையும் சேர்த்து அழைத்துப் போனேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தது தப்பு. அவனுக்கு மேல்மாடி வேண்டும், அவளுக்குத் தண்ணீர் மேசை வேண்டும். அவன் டைனோசரைப் பார்க்க என் கையைப் பிடித்து இழுக்கிறான், இவள் குவளையை விட மறுக்கிறாள். கடைசியில் இரண்டு பேரும் அழுதார்கள், மூன்றாவது ஆளாக நானும் அழுதிருப்பேன். வயது வித்தியாசம் நான்கு என்றால் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும், உள்ளே போனதும் இரண்டாகப் பிரிந்துவிட வேண்டும். முடியாதென்றால் தனித்தனி நாளில் போகலாம். பெரியவனை மட்டும் தனியே அழைத்துப் போன நாள் அவனுக்கும் எனக்கும் நல்ல நாளாக அமைந்தது.

தாத்தா பாட்டியோடு போவது நல்ல ஏற்பாடு. உட்கார இடம் உள்ள பகுதியாக இருந்தால் பொறுமையில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. இருபதாவது முறை குவளை கவிழும்போதும் முதல் முறை போலவே 'அட!' என்பார்கள். ஆனால் ஓடிப்போகும் பிள்ளையைத் துரத்த ஒரு இளம் கால் கூட வேண்டும்.

தனியாக ஒரே ஒரு பெரியவர், ஒரே ஒரு பிள்ளை என்பது நான் அதிகம் விரும்பும் சேர்க்கை. முழுக் கவனமும் அவளுக்கு. ஒரே தொல்லை, கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் அவளையும் அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

தள்ளுவண்டியா, தோளில் கட்டும் பையா என்றும் கேட்பார்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் உள்ளே தள்ளுவண்டி இடைஞ்சல்தான். பல இடங்களில் வாசலிலேயே நிறுத்தச் சொல்வார்கள். பை இருந்தால் கூட்டத்தில் இரண்டு கையும் உங்களுடையவை. திரும்பி வரும் வழியில் தூங்கிப்போகும் பன்னிரண்டு கிலோவை நினைத்து வண்டியையும் கொண்டுபோய் வாசலில் விடுங்கள்.

ஒரு நாள் டிக்கெட்டா, ஆண்டு உறுப்பினர் அட்டையா?

முதல் முறை போகும்போது அட்டை வாங்காதீர்கள். வரிசையில் நிற்கும் உங்களிடம் 'இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஆண்டு முழுக்க வரலாம்' என்று சொல்வார்கள். பிள்ளைக்கு அந்த இடம் பிடிக்குமா என்றே தெரியாது. ஆனால் பல இடங்களில் அன்று எடுத்த டிக்கெட்டின் தொகையை, கிளம்புவதற்கு முன் கேட்டால், அட்டைக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். உள்ளே போகும்போது கேட்டு வைத்துக்கொண்டு, வெளியே வரும்போது முடிவெடுக்கலாம்.

கணக்கு மிக எளிது. அட்டையின் விலையை, உங்கள் வீட்டுக்கு ஒரு முறை ஆகும் டிக்கெட் செலவால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணைவிட அதிகமாகப் போவீர்களா? இதில் நேர்மையாக இருங்கள். 'வாரா வாரம் போகலாம்' என்று அட்டை வாங்கியவர்களின் அட்டைகள் மேசை அறைகளில் உறங்குகின்றன. பயணம் அரை மணி நேரத்துக்கு மேல் என்றால் மாதம் ஒருமுறைக்கு மேல் போக மாட்டீர்கள். இன்னொன்று, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பல இடங்களில் கட்டணமில்லை. பிள்ளைக்கு டிக்கெட் தேவைப்படாத அந்த மாதங்களை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊர்விட்டு ஊர் அதிகம் போகிறவர்கள், அட்டை மற்ற அருங்காட்சியகங்களிலும் செல்லுமா என்று பார்க்கலாம். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட குழந்தைகள் அருங்காட்சியகங்களின் சங்கத்தில், பரிமாற்ற ஏற்பாட்டில் சேர்ந்தவற்றின் உறுப்பினர்களுக்கு, அதே ஏற்பாட்டிலுள்ள மற்றவற்றில் ஆறு பேர் வரை பாதிக் கட்டணம் உண்டு.

கணக்கைத் தாண்டியும் அட்டைக்கு ஒரு பயன் இருக்கிறது, அதற்கு விலை போட முடியாது. ஒரு நாள் டிக்கெட் எடுத்தவர் காசுக்கு ஈடாகப் பார்க்க வேண்டும் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு அலைகிறார். நானும் அலைந்தேன். அட்டை வைத்திருப்பவருக்கு அந்தப் பதற்றமில்லை. அரை மணி நேரத்தில் பிள்ளை சோர்ந்தால் கிளம்பிவிடலாம், நாளை மறுநாள் வரலாம். நான் மேலே சொன்ன மூன்றாவது அளவுகோல் இதுதான். வீட்டுக்கு அருகில் இடம் இருந்து, ஒரு முறை போய்ப் பார்த்துப் பிடித்திருந்தால், கணக்கு சற்று முன்பின் இருந்தாலும் அட்டையின் பக்கமே சாய்வேன்.

கிருமியும் சின்னப் பொருளும்

நோயை நினைத்துப் போகாமலே இருப்பவர்களைத் தெரியும். கை, கால், வாய் நோயும் சளிக் காய்ச்சலும் பிள்ளைகள் கூடுமிடத்தில் பரவும், மறுப்பதற்கில்லை. எல்லாம் வாய்க்குள் போகும் வயது இது. பையில் கிருமிநாசினித் திரவம் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். வாந்திபேதி தரும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் திரவம் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் இருபது விநாடியும்தான் வழி. உள்ளே போனதும் ஒருமுறை, சாப்பிடுவதற்கு முன் ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை கழுவிவிட்டால் என் மனச்சாட்சி அடங்கிவிடுகிறது. வாயில் வைத்த பொருளைப் போட ஒரு கூடை வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அந்தக் கூடையைக் கண்டால் அந்த இடத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடிவிடும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளில் போகாமலிருப்பது மற்றவர்களுக்கு நாம் செய்யும் பதில் மரியாதை.

நோயைவிட எனக்குப் பயம் சின்னப் பொருள்கள்தான். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும். மழலையர் பகுதியில் இதைக் கவனித்திருப்பார்கள். பெரிய பிள்ளைகளின் கூடத்தில் கவனித்திருக்கத் தேவையில்லை. கோலிக் குண்டு உருளும் தடங்கள் இருக்கும் அறைக்குள் ஒன்றரை வயதுப் பிள்ளையைக் கீழே விடாமல் இருப்பது நல்லது. தண்ணீர் மேசை எவ்வளவு ஆழமில்லாததாக இருந்தாலும் கையெட்டும் தூரத்தில் நில்லுங்கள். மாற்று உடை ஒன்று போதாது, இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுக்கு.

கிளம்புவதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, வெளியே போகும் பாதையில் அவளுக்குப் பிடித்த ஒன்றைக் கடைசிக்கு வைப்பது. பரிசுப் பொருள் கடையைக் கண்ணில் காட்டாமல் போக வழியிருக்கிறதா என்று முதல் முறையே பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இருக்காது. எங்களுக்குச் சரிவுப் பாதை இருக்கிறது. 'மூன்று முறை ஏறி இறங்கிவிட்டுப் போகலாம்' என்றால் குவளையை வைத்துவிட்டு வந்துவிடுகிறாள்.

இப்போது அவளுக்கு இரண்டரை வயது. ஆண்டு அட்டை வாங்கி எட்டு மாதமாகிறது, பதினாறு முறை போய்விட்டோம். பெரும்பாலும் வார நாளில், பள்ளிக் குழு இல்லாத காலையில், நாங்கள் இருவர் மட்டும். சென்ற வாரம் இன்னொரு சிறுமி பக்கத்தில் நின்று சல்லடையைப் பிடிக்க, இவள் ஊற்றினாள். ஏதோ பேசிக்கொண்டார்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேல்மாடியில் டைனோசர் எப்படி இருக்கிறது என்று அக்கா மகன் அடிக்கடி விசாரிக்கிறான். அவனிடமே கேட்டால்தான் உண்டு. எங்கள் அட்டையை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் இதுவரை அந்தப் படியில் கால் வைத்ததில்லை.